கஸ்பாரின் கட்டம் போட்ட சட்டை

பூந்தாழைப் பெண்கள் திமிங்கிலம் பார்க்கப் போகிற அன்று தலைக்குக் குளித்து, இருக்கிற சேலைகளில் நல்லதைக் கட்டி, மல்லிகைப்பூ வைத்து, புருஷனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டுதான் பாய்க்கப்பலில் ஏறுவார்கள், ஏனென்றால் திமிங்கிலம் மூச்சு வாங்க மேலே வந்து மறுபடி முங்குவதற்குள் கிடைக்கிற நேரம் ஒரு சின்ன ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்தான், அதற்குள் மகள் பெரியவளானதையும் சொல்ல வேண்டும், கூரை ஒழுகுவதையும் சொல்ல வேண்டும், கொழுந்தனின் பேச்சு சரியில்லை என்பதையும் அவர் மனசு நோகாமல் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர்கள் அழுதே நேரத்தைத் தொலைத்துவிட்டு அடுத்த பருவம் வரைக்கும் அதை நினைத்து இன்னொரு தடவை அழுவார்கள்.

பெரும்புயல் அடித்த கார்த்திகையில் எங்கள் ஆண்களில் முப்பது பேருக்கு மேல் ஆழ்கடலில் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, ஒரு பலகைகூடத் திரும்பவில்லை. ஹெலிகாப்டர் வந்தது, அமைச்சர் வந்தார், டிவிக்காரர்கள் வந்து எங்கள் பெண்களை வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை அழச் சொல்லிப் படம் பிடித்தார்கள், அப்புறம் எல்லாரும் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். கடலுக்குப் போனவன் வரத் தாமதமானால் அவன் சட்டை ஒன்றைத் துவைத்து, கடலைப் பார்க்கிற மாதிரிக் கொடியில் தொங்கவிடுவது எங்கள் ஊர் வழக்கம், அதைப் பார்த்து வீட்டை அடையாளம் கண்டு வருவானாம். அந்த வருசம் தெருத் தெருவாகச் சட்டைகள் காற்றில் ஆடின. கிறிஸ்மஸ் வந்தது, சட்டைகள் ஆடின. தவக்காலம் பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் கொடிகளில் கிளிப் மட்டும் இருந்தது, சட்டைகளைக் காணவில்லை.

காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள், திருடன் என்றார்கள். பங்குனியில், திமிங்கிலங்கள் வழக்கம்போல மேற்கிலிருந்து கிழக்கே கூட்டமாகப் போகிற நாளில், நண்டு வலை எடுக்கப் போயிருந்த தொம்மை கரைக்கு வந்து, கால் கழுவி, கஞ்சிக்கு உட்கார்ந்து, பாதிக் கஞ்சியில் பெண்டாட்டியிடம், “நம்ம பய திமிங்கிலத்து மேல உக்காந்து கெழக்காம போறான்” என்றார். அவள், “எந்தச் சட்டை போட்டுருக்கான்?” என்று கேட்டாள். “கொடியில கெடந்த பச்சச் சட்ட” என்றார். அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள்.

இப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் நாள் எல்லாப் படகுகளும் இரைந்துகொண்டு போனதில் எஞ்சின் சத்தம் கேட்ட திமிங்கிலங்கள் ஆட்களோடு சேர்ந்து முங்கிவிட்டன. அப்போதுதான் புயல் எங்கள் மணலில் தூக்கிப் போட்டிருந்த வெள்ளைப் பாய்க்கப்பல் ஞாபகம் வந்தது. எந்தத் தேசத்துப் பணக்காரன் உல்லாசமாகச் சுற்றிய கப்பலோ, ஆளில்லாமல் வந்து ஒருக்களித்துக் கிடந்தது, யாரும் கேட்டு வரவும் இல்லை. ஊர்க் கமிட்டி அதை நிமிர்த்தி, ஓட்டை அடைத்து, பாயைத் தைத்து, வெள்ளையம்மா என்று பெயர் வைத்து, சாமியாரை வைத்து மந்திரித்துக் கடலில் இறக்கியது. சுக்கான் பிடிக்கத் தொம்மை உட்கார்ந்தார். காற்றில் மட்டும் போகிற வெள்ளையம்மாவைக் கண்டு திமிங்கிலங்கள் ஓடவில்லை, மாடு மாதிரி பக்கத்தில் வந்து மூச்சு விட்டன.

முங்கி எழுந்த ஈரத்தோடு எங்கள் ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு திமிங்கிலத்துக்கு ஒருவர். தாடி புயலுக்கு முந்தின நாள் இருந்த அளவிலேயே இருந்தது. பெண்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார்கள், சிரித்தார்கள், எல்லாரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: “சாப்பிட்டியா?” அவ்வளவுதான், திமிங்கிலம் முங்கிவிடும். ஐப்பசியில் திமிங்கிலங்கள் மேற்கே திரும்பும்போது இன்னொரு தடவை பார்க்கலாம். வருசத்துக்கு இரண்டு தடவை புருஷனைப் பார்க்கிறவள் துபாய்க்காரன் பெண்டாட்டியைவிட அதிர்ஷ்டக்காரி என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஊர் அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. இறந்தவர்களுக்கான பூசை வைப்பதா கூடாதா என்று சாமியார் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை, பயணம் போகிறவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லிச் சமாளித்தார். தாலியைக் கழற்றிய பெண்கள் மறுபடி போட்டுக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து கேமராவும் தொப்பியுமாகத் திமிங்கிலம் பார்க்க வந்தவர்களையும் வெள்ளையம்மாவில் ஏற்றிக்கொண்டோம். அவர்கள் கண்ணுக்குத் திமிங்கிலம் மட்டும்தான் தெரிந்தது, அவர்களுக்கு அதன் மேல் ஆள் யாரும் இல்லையே. எங்கள் பெண்கள் கடலைப் பார்த்து ரேஷன் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பதை ஏதோ கடல் வழிபாடு என்று நினைத்துப் பயபக்தியோடு எழுந்து நின்றார்கள்.

எல்லாருடைய ஆளும் வந்தான், சலேத்துடைய கஸ்பார் மட்டும் வரவில்லை.

கஸ்பார் எங்கள் ஊரின் பேர்போன தூங்குமூஞ்சி. வலைக் குவியல் மேல் தூங்குவான், பூசையில் நின்றபடியே தூங்குவான், அவன் கல்யாணத்தில் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது மாப்பிள்ளைத் தோழன் இடித்துத்தான் பதில் சொன்னான். புயலுக்குப் பிறகு சலேத்தும் அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடியில் போட்டாள். நாற்பது நாள் அது காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் அதை எடுத்து மடித்து, சின்னப் பெட்டியில் வைத்து, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி அடக்கம் செய்துவிட்டாள். செத்தது உறுதி என்று தெரிந்தால் அப்படிச் செய்வதும் எங்கள் வழக்கம்தான், ஆனால் உறுதி என்று எப்போது சொல்வது என்பதை அந்த வருசம் யாராலும் முடிவுகட்ட முடியவில்லை, அதற்குள் இவள் செய்துவிட்டாள். “இப்படி ஆடிக்கிட்டே கெடந்தா அவியளுக்கு ஒறக்கம் வராது” என்று மட்டும் சொன்னாள். நாங்கள் அவளை அவசரக்காரி என்றோம். இன்னொருத்தனைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்றும் சொன்னோம், எங்கள் வாய்க்குப் பூட்டு யார் போடுவது.

ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் சலேத் வெள்ளையம்மாவில் ஏறினாள். பூ வைக்காமல், தாலி இல்லாமல், மற்றவர்கள் பேசுவது காதில் விழாத பின்பக்கத்தில் தொம்மையின் காலடியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு திமிங்கிலத்தின் முதுகையும் பார்ப்பாள். கடைசித் திமிங்கிலமும் போன பிறகு கரை தெரிகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். மற்றப் பெண்கள் அவர் மெலிந்துவிட்டார், இவர் சிரித்தார் என்று பேசிக்கொண்டு வருவார்கள், அவளிடம் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. செத்தானா இல்லையா என்பதுகூட இல்லை, எல்லாருக்கும் காட்டுகிற முகத்தை எனக்கு ஏன் காட்டவில்லை என்பதுதான் அவளை அரித்தது.

ஒரு ஐப்பசியில் எஸ்தாக்கியின் பெண்டாட்டி ஜெனோவா, அன்றைக்குப் புருஷனைப் பார்த்த சந்தோஷத்தில், வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: “குழிக்குள்ள போட்டு மூடுனவன் திமிங்கிலத்துல எப்படிட்டி வருவான்? அவன் போட்டுக்க வேண்டிய சட்டைய நீ மண்ணுக்குல்லா குடுத்துட்ட.”

மறு பங்குனி நெருங்கியபோது சலேத், ஊர் உண்ட மயக்கத்தில் கிடக்கிற உச்சி வெயிலில், மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தான் நட்ட சிலுவையைத் தானே பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத் தோண்டினாள். பெட்டியைக் கறையான் அரித்திருந்தது, சட்டையில் காலர் மட்டும் போயிருந்தது. நீலத் துணியில் அவளே கறுப்பு நூல் போட்டுத் தைத்திருந்த மூன்றாவது பித்தான் அப்படியே இருந்தது. மண்ணை உதறிக் கொடியில் போட்டாள், கடலைப் பார்க்கிற மாதிரி. மூன்றாம் நாள் விடிந்தபோது கிளிப் மட்டும் இருந்தது, அவள் தலைக்குக் குளித்தாள்.

அன்றைக்கு அவள் கப்பலில் முன்பக்கம் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் போனார்கள், பச்சைச் சட்டையில் தொம்மையின் மகன், வெள்ளைச் சட்டையில் எஸ்தாக்கி, மற்றவர்கள். தொம்மை எப்போதும் போல மகனைப் பார்க்காமல் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த திமிங்கிலத்தின் மேல், அரித்த காலரோடு கட்டம் போட்ட சட்டை தெரிந்தது.

“இஞ்சேருங்க” என்றாள் சலேத். இத்தனை வருசமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கஸ்பாரின் கண் செக்கச் சிவந்து கிடந்தது. மற்றவர்களைப் போல அவன் சிரிக்கவில்லை. “நல்ல ஒறக்கத்துல கெடந்தேன்ட்டி” என்றான். “யாரு எழுப்புனது?”

“நாந்தான்.”

“எதுக்கு?”

“பாக்கணும் போல இருந்துச்சு.”

அவன் அதைக் கொஞ்சம் யோசித்தான், கோபப்படவில்லை. “பாத்தாச்சுல்லா. திரும்பப் படுக்க வச்சிரு சலேத்து. இங்கன கண்ண மூட முடியல. இது முங்கும்போதெல்லாம் கூட முங்க வேண்டியிருக்கு. குளுருது.” அவள் கையை நீட்டினாள், திமிங்கிலம் முங்கியது.

திரும்பி வருகிற வழியில் ஜெனோவா தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளிச் சலேத்தின் தலையில் வைத்தாள். பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, இனி நீயும் எங்களில் ஒருத்தி என்கிற மாதிரி முதுகைத் தடவினார்கள். அவன் சொன்னது அவர்களுக்கும் கேட்டிருந்தது, ஆனால் யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. சலேத் அதைக் கவனித்துவிட்டாள்.

“எக்கா, ஒங்க வீட்டு அண்ணனும் இப்படிச் சொன்னாவளா?”

ஜெனோவா கடலைப் பார்த்தாள். “மொத வருசம் எல்லாருந்தான் சொல்லுவாவ. எங்க வீட்டுல அவிய தொடையெல்லாம் உப்புல வெந்து போச்சுன்னு அழுதாவ. நான் கேக்காத மாதிரி பிள்ளை பாசானதச் சொன்னேன். அடுத்த தடவ கொறஞ்சுது. இப்பம் பழகிருச்சு, சிரிக்கல்லா செய்யுதாவ. நீயும் பொறு. பழகிரும்.”

எங்கள் எல்லாருக்கும் இது முதல் பருவத்திலிருந்தே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள ஒரு ஊரே சேர்ந்து பாடுபட்டால் அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, பூவும் சேலையும் ரேஷன் கடைப் பேச்சும் இருக்கும்போது.

சலேத் அந்த ஆறு மாசத்தை எப்படிக் கழித்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். தலையணையில் தலை வைத்தால் அவன் முங்குவது தெரியும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். மழை பெய்தால் முற்றத்தில் போய் நனைந்தாள். சட்டை கையில் இல்லாமல் எதை எடுத்துப் புதைப்பது என்று வீட்டில் கிடந்த, அவன் இடுப்பில் கட்டுகிற சாரத்தையும் துண்டையும் குழியில் போட்டு மூடிப் பார்த்தாள், சாமியாரிடம் கேட்டுப் பார்த்தாள், அவர் ஜெபமாலை சொல்லச் சொன்னார். கொடியிலிருந்து போனது அவன் உடம்பில் இருக்கிறது, அவன் தந்தால்தான் உண்டு. ஐப்பசி பிறந்ததும் ஜெனோவா நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

“நீ என்ன செய்யப் போறன்னு தெரியும்” என்றாள் ஜெனோவா. “செய்யாதட்டி. ஒன் ஆள நீ அனுப்பிட்டா, அவிய எல்லாரும் எங்களப் பாப்பாவ. நாங்க என்ன சொல்லதுக்கு?”

“அவியளுக்கு குளுருதுக்கா.”

“எனக்குக் குளுரலையா?” என்றாள் ஜெனோவா. “வருசத்துல ரெண்டு நாள் நான் பொம்பளையா இருக்கேன். மிச்ச நாளெல்லாம் கருவாடு காயப்போடுத கை. அந்த ரெண்டு நாளையும் புடுங்காத.” அவள் அழுதாள், கூட வந்தவர்களும் அழுதார்கள், சலேத்தும் அழுதாள். யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்தப் பருவம் சலேத்தைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. புறப்படுகிற அன்று அவள் கொக்கி வைத்த நீளமான துரட்டியோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். தொம்மை யாரையும் கேட்காமல் கையைக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார். “மொத நாளு பாத்ததோட சரி, என் பய இருக்கத நான் இன்ன வரைக்கும் நிமுந்து பாத்ததில்ல” என்றார் அவர். “பாத்தா கேக்கணும். கேட்டா செய்யணும். உக்காரு.”

காற்று நன்றாக இருந்தது. திமிங்கிலங்கள் கிழக்கிலிருந்து வந்தன, பெண்கள் அவரவர் ஆளிடம் பேசினார்கள், அன்றைக்கு எல்லாருடைய குரலும் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. கஸ்பார் வந்தான். சலேத் எதிர்பார்த்த முகம் அது இல்லை. கண் தெளிந்திருந்தது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“வந்துட்டியா” என்றான். “சாப்பிட்டியா?”

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. படுக்க வை என்று சொல்லவில்லை, குளிருகிறது என்று சொல்லவில்லை. ஜெனோவா சொன்ன மாதிரியே பழகியிருந்தான். கஸ்பார் தூக்கத்தை மறந்துவிட்டான் என்பதைச் சலேத்தால் தாங்க முடியவில்லை. அதே நேரத்தில் அவன் சிரிப்பு அவ்வளவு அழகாக இருந்தது, அவளுக்காக மட்டும் இருந்தது, இனி ஆயுசு முழுக்க வருசத்துக்கு இரண்டு தடவை இது கிடைக்கும், சும்மா இருந்தால் போதும். தலையில் கை வைத்துப் பார்த்தாள், ஜெனோவா வைத்துவிட்ட நாளிலிருந்து விடாமல் வைத்துக்கொண்ட பூ இருந்தது. திமிங்கிலம் மூச்சு விட்டு அடங்கிக்கொண்டிருந்தது.

“சட்டையக் கழத்துங்க” என்றாள்.

“எதுக்கு?”

“அழுக்கா இருக்கு. துவைக்கணும்.”

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட அதட்டல்தான், அவன் கை தானாகப் பித்தானுக்குப் போனது. ஒன்று, இரண்டு, கறுப்பு நூல் போட்ட மூன்றாவதில் கொஞ்சம் தடுமாறினான்.

“எப்பம் தருவ?”

“காஞ்சதும் தாறேன்.”

“மறந்துராத” என்று சொல்லிச் சட்டையைச் சுருட்டி எறிந்தான். அது கப்பலுக்கு எட்டாமல் தண்ணீரில் விழுந்தது. சலேத் பாதி உடம்பு வெளியே தொங்கத் துரட்டியை நீட்டினாள், இரண்டு பெண்கள் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்கள், அதில் ஒருத்தி ஜெனோவா. சட்டை கொக்கியில் மாட்டி, ஈரம் சொட்ட மேலே வந்தது. அதை மார்போடு சேர்த்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது திமிங்கிலத்தின் முதுகில் யாரும் இல்லை. வெறும் முதுகு வெயிலில் மினுங்கியது, கேமரா வைத்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் ஆகா என்றார்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சோப்புப் போட்டுத் துவைத்தாள், காலர் போன இடத்தை மடித்துத் தைத்தாள். கொடியில் போடப் பயந்து, வீட்டுக்குள் கதவைச் சாத்தி, தன் மடியில் விரித்து வைத்துக்கொண்டே காயவைத்தாள். பிறகு பழைய குழியில் வைத்து மூடி, சிலுவையை நட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகை புயல் வருசத்தில்கூட அழாதது, இந்தத் தடவை கொன்றது கடல் இல்லையே.

நாங்கள் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. திமிங்கிலத்து மேலிருந்த யாரும் தன்னையும் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் மறு பங்குனிக்கு முந்தின வாரம், ஜெனோவா சலேத் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே, “அந்தத் துரட்டி இருக்கா?” என்று கேட்டாள். “இருக்குக்கா” என்றாள் சலேத். “நீயும் வா. நீதான் அதப் புடிக்கணும்.”

போனார்கள். ஜெனோவா அன்றைக்குப் பூ வைக்கவில்லை. எஸ்தாக்கி வெள்ளைச் சட்டையில் வந்தான், சிரித்தான், சாப்பிட்டியா என்றான். சட்டை உப்புப் பிடித்து, அக்குளில் பழுத்துக் கிடந்தது. சலேத் துரட்டியை நீட்டித் தயாராக நின்றாள், தொம்மைகூட முதல் தடவையாகப் பாயிலிருந்து கண்ணை எடுத்து இந்தப் பக்கம் பார்த்தார்.

“இஞ்சேருங்க” என்றாள் ஜெனோவா. “அந்தச் சட்ட…”

“சட்டைக்கு என்ன?”

ஜெனோவா சலேத்தின் கையிலிருந்த துரட்டியைத் திரும்பிப் பார்த்தாள். திமிங்கிலம் மூச்சு விட்டு அடங்கியது.

“ஒங்களுக்கு நல்லா இருக்கு” என்றாள்.

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான், திமிங்கிலம் முங்கியது. சலேத் துரட்டியைக் கீழே வைத்தாள்.